"எது என் கையெழுத்துன்னு தெரியலக்கா": பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் தங்கைக்கு இருப்பது பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு என்று மருத்துவர் சொல்லி ஒன்பது வருடம் ஆகிறது. பி.பி.டி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இதே சிக்கல் உள்ள சில குடும்பங்கள் திருச்சியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டு மொட்டைமாடியில் கூடிப் பேசுகிறோம். புதிதாக வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். ஆட்கள் மாறுவார்கள், கேள்வி மாறாது. அதனால் எழுதிவைத்தேன். நான் மருத்துவர் இல்லை, படித்ததையும் வீட்டில் பார்த்ததையும் சொல்கிறேன். தங்கையைப் பற்றி வரும் இடங்களை அவளே படித்துத் திருத்தி, "போடு" என்று சொன்ன பிறகுதான் போடுகிறேன்.

பார்டர்லைன்னா எதுக்கும் எதுக்கும் நடுவுல பார்டர்? லேசாத்தான் இருக்குன்னு அர்த்தமா?

"சுகர் பார்டர்ல இருக்கு" என்று கேட்டுப் பழகியதால் வரும் குழப்பம் இது. இங்கே அந்த அர்த்தம் இல்லை. 1938-இல் அடால்ஃப் ஸ்டெர்ன் என்ற அமெரிக்க உளப்பகுப்பாய்வாளர், அந்தக் காலத்தில் மனநோய்களுக்கு வைத்திருந்த இரண்டு பெரிய பிரிவுகளான நியூரோசிஸ் (பதற்றம் மாதிரி, நிஜம் எது என்று தெரிந்தே படும் அவதி), சைக்கோசிஸ் (நிஜத்தோடு தொடர்பு அறுந்த நிலை) இரண்டிலும் சரியாக அடங்காத நோயாளிகளைக் குறிக்க இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். அந்த இரண்டு பிரிவுக்கும் நடுவே இருந்த எல்லைதான் அது. பிரிவுகள் பழசாகிவிட்டன, பெயர் மட்டும் நின்றுவிட்டது. 1980-இல் மனநோய்களை வகைப்படுத்தும், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டி.எஸ்.எம். கையேட்டில் முறையாக இடம்பெற்றது.

அந்தக் கையேடு ஒன்பது அறிகுறிகளைச் சொல்கிறது. விட்டுப் போய்விடுவார்களோ என்ற பெரும் பயம், ஒருவரைத் தலையில் தூக்கிவைத்துப் பிறகு கீழே போடும் உறவுகள், நிலையில்லாத "நான்", யோசிக்காமல் செய்துவிடும் காரியங்கள், தன்னைக் காயப்படுத்திக்கொள்வது அல்லது தற்கொலைப் பேச்சு, மணிக்கொரு தரம் மாறும் மனநிலை, உள்ளே காலியாக இருக்கும் உணர்வு, அடக்க முடியாத கோபம், நெருக்கடி வந்தால் தலைகாட்டும் சந்தேகமோ மரத்துப்போன நிலையோ. இவற்றில் குறைந்தது ஐந்து, பல வருடமாக, பல இடங்களிலும் இருக்க வேண்டும். ஒரு மாதச் சண்டையை வைத்து யாருக்கும் இந்தப் பெயரைச் சொல்லக் கூடாது.

ஃபைலில் "எமோஷனலி அன்ஸ்டேபிள்" என்று எழுதியிருந்தால் பயப்பட வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் பழைய பட்டியலில் இதற்கு இருந்த பெயர் அது. 2022-இல் நடைமுறைக்கு வந்த புதிய பட்டியலில் ஆளுமைக் கோளாறு லேசானதா, நடுத்தரமா, தீவிரமா என்று பார்த்துவிட்டு, "பார்டர்லைன் போக்கு" என்று பக்கத்தில் சேர்க்கிறார்கள்.

"நான் யாருன்னே தெரியல"ன்னு எம் பொண்ணு சொல்றா. இந்த வயசுல எல்லாருக்கும் இருக்கறதுதானே?

எல்லாருக்கும் கொஞ்சம் இருக்கும். பதினெட்டு வயதுப் பிள்ளை மூன்று மாதம் கிதார், மூன்று மாதம் ஜிம் என்று அலைவது ஆரோக்கியமான தேடல்தான். ஆனால் அந்தப் பிள்ளையிடம் "போன வருஷம் கிதார் கிதார்னு திரிஞ்சியே" என்று கேட்டால் சிரிப்பான். போன வருடத்து ஆளும் தான்தான் என்பதில் அவனுக்குச் சந்தேகமே வராது. பி.பி.டி.யில் அறுந்துபோவது அந்தத் தொடர்ச்சிதான்.

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு கீபோர்டு, தையல் அளவு நாடாவும் துணி வெட்டும் கத்தரிக்கோலும், குரூப் டூ தேர்வுப் புத்தகக் கட்டு, கேக் அச்சுகள் எல்லாம் இருக்கின்றன. இவை மாறி மாறி வந்த பொழுதுபோக்குகள் இல்லை. ஒவ்வொன்று வந்தபோதும் உடுப்பு, பேச்சு, சாமி, சாப்பாடு எல்லாம் சேர்ந்து மாறின. அவளுடைய கல்லூரி நோட்டுகளை வரிசையாக அடுக்கினால் முதல் செமஸ்டரில் வலதுபக்கம் சாய்ந்த எழுத்து. இரண்டாவதில் உருண்டை உருண்டையான எழுத்து. அது அப்போதைய உயிர்த்தோழியின் எழுத்து, "ழ"வின் வால் வரைக்கும். நட்பு உடைந்த பிறகு பொடிப்பொடியாக, நேராக வேறொரு எழுத்து. ஒருநாள் வங்கியில் கையெழுத்து பொருந்தவில்லை என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மூன்று தாளில் போட்டுப் பார்த்தாள், மூன்றும் மூன்று விதம். அங்கே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து "எது என் கையெழுத்துன்னு தெரியலக்கா" என்று அழுதாள். அதுவரை அவளைப் பிடிவாதக்காரி என்றுதான் நினைத்திருந்தேன்.

2000-இல் டெஸ் வில்கின்சன்-ரயன், ட்ரூ வெஸ்டன் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த அடையாளக் குலைவை நான்காகப் பிரித்துக் காட்டினார்கள். ஒரு உறவுக்குள்ளோ கொள்கைக்குள்ளோ வேடத்துக்குள்ளோ முழுசாகக் கரைந்துபோவது ஒன்று. சொல்வதும் செய்வதும் ஒன்றோடொன்று பொருந்தாமல் இருப்பது இன்னொன்று. வேலை, மதிப்பீடு எதிலும் ஊன்றி நிற்க முடியாதது மூன்றாவது. "எனக்குள்ள ஒட்டே இல்ல" என்ற வேதனை நான்காவது. மற்ற நோயாளிகளிடமிருந்து பி.பி.டி. உள்ளவர்களை அதிகம் பிரித்துக் காட்டியது இந்த வேதனைதான். ஆகவே உங்கள் மகள் எத்தனை முறை மாறுகிறாள் என்று எண்ணாதீர்கள். மாறும்போது அவளுக்கு வலிக்கிறதா என்று பாருங்கள்.

எங்க பையன் பழகுற ஆளுக்குத் தக்க மாறுறான். அவன் நடிக்கிறானா, ஆளை ஏமாத்துறானா?

கூத்தில் ராஜா வேஷம் கட்டுகிறவருக்கு அரிதாரம் கலைத்ததும் போய் உட்கார ஒரு சொந்த முகம் இருக்கிறது. உங்கள் பையனுக்கு அந்த இடம்தான் சரியாக உருவாகவில்லை. மேலே சொன்ன கரைந்துபோதல் இதுதான். எதிரில் இருப்பவருக்குப் பிடித்த மாதிரி இருந்தால் விட்டுப் போகமாட்டார் என்ற கணக்கும் அதில் இருக்கிறது. ஆனால் அவன் உட்கார்ந்து யோசித்துப் போட்ட கணக்கு இல்லை அது.

"நடிக்காதே" என்று சொல்வதால் ஒரு நன்மையும் இல்லை. எங்கள் வீட்டில் பலன் கொடுத்தது சின்ன விஷயம்தான். "உனக்கு என்ன வேணும்" என்று கேட்டால் "உனக்கு என்ன?" என்றுதான் திருப்பிக் கேட்பாள். அதனால் காபியா டீயா என்பதை நான் என்னுடையதைச் சொல்லாமல் அவளிடம் முதலில் கேட்க ஆரம்பித்தேன். பதில் வர ஐந்து நிமிடம் ஆன நாளும் உண்டு. காத்திருந்தேன்.

காலையில நான் தெய்வம், சாயங்காலம் நான் எமன். எது அவ உண்மையா நெனைக்கிறது?

இரண்டும்தான். ஒரே ஆளிடம் நல்லதும் கெட்டதும் கலந்திருப்பதை ஒரே நேரத்தில் மனசில் பிடித்துவைப்பது இவர்களுக்குக் கடினம். போனை நீங்கள் எடுக்காத அந்த நிமிடத்தில், பத்து வருடம் நீங்கள் செய்தது எதுவும் நினைவுக்கு எட்டாது. தன்னைப் பற்றியும் அப்படியே. ஒரு தப்பு செய்தால் "நான் தப்பு பண்ணிட்டேன்" இல்லை, "நான் ஒண்ணுக்கும் உதவாதவ". தன்னைப் பற்றிய படம் நிலையாக இல்லாதபோது அடுத்தவரைப் பற்றிய படம் மட்டும் எப்படி நிற்கும்?

அந்த நேரத்தில் வாதாடி ஜெயிக்க முடியாது. "நான் போன் எடுக்கலன்னதும் உன்னை விட்டுட்டேன்னு தோணியிருக்கு, கஷ்டமாத்தான் இருந்திருக்கும்" என்று முதலில் அவள் உணர்ந்ததைச் சொல்லுங்கள். அவள் சொன்ன குற்றச்சாட்டை ஒத்துக்கொள்ளச் சொல்லவில்லை, வலியை மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள். மீட்டிங்கில் இருந்த காரணம் அப்புறம் சொல்லலாம். வரிசை மாறினால் சண்டைதான்.

சினிமாவுல காட்டுற மாதிரி ஒரே உடம்புல ரெண்டு மூணு ஆளா?

இல்லை. அது பன்மை ஆளுமை என்று சொல்லப்படும் வேறொரு கோளாறு. இங்கே மாறி மாறி வரும் தனித்தனி ஆட்கள் கிடையாது. ஒரே ஆள், ஆனால் தன் வடிவம் தனக்கே தெளிவில்லாத ஆள்.

பைபோலார்னு ஒரு டாக்டர், பி.பி.டி.ன்னு இன்னொரு டாக்டர். ரெண்டும் ஒண்ணுதானா?

வேறு வேறு. பைபோலாரில் மனநிலையின் ஏற்றமும் இறக்கமும் நாட்கணக்கில், வாரக்கணக்கில் நிற்கும். முழு மேனியா (அளவுமீறிய ஏற்றம்) என்றால் குறைந்தது ஒரு வாரம், மனச்சோர்வு இரண்டு வாரம் என்று வரையறை இருக்கிறது. பி.பி.டி.யில் காலையிலிருந்து ராத்திரிக்குள் நாலு வானிலை வந்துபோகும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் பெரும்பாலும் ஒரு உறவுச் சம்பவம் இருக்கும், பதில் வராத மெசேஜ் மாதிரி. பைபோலாரில் அலை ஓய்ந்தால் பழைய ஆள் திரும்பி வருவார். இரண்டாம் கேள்வியில் சொன்ன அடையாளக் குலைவுக்கோ அப்படி லீவு கிடையாது.

இரண்டும் சேர்ந்தே இருப்பதும் உண்டு. அதனால் ஃபைலை எடுத்துக்கொண்டு ஒரே மருத்துவரிடம் தொடர்ந்து போங்கள். மாற்றி மாற்றிப் பார்த்தால் ஒவ்வொருவரும் அன்றைய வானிலையைத்தான் பார்ப்பார்கள்.

நாங்க வளர்த்த விதம்தான் தப்பா?

இந்தக் கேள்வியைக் கேட்கும் அம்மாக்களின் குரல் பாதியில் உடைந்துவிடும். ஒரு காரணத்தால் வருவதில்லை இது. இரட்டையர், குடும்ப ஆய்வுகளில் சுமார் பாதிப் பங்கு பிறப்போடு வருவதாகத் தெரிகிறது. தோல் வெந்தவருக்குக் காற்றுப்பட்டாலே எரிவது மாதிரி, சில குழந்தைகள் எதையும் தாங்காத மனசோடு பிறக்கிறார்கள். அப்படிப்பட்ட பிள்ளையிடம் "இதுக்கெல்லாமா அழுவாங்க?" என்று வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருந்தால், தனக்கு உள்ளே தோன்றுவது சரிதானா என்றே அதற்குச் சந்தேகம் வந்துவிடும். பசிக்கிறதா கோபமா என்று தன் உணர்வையே நம்பாதவருக்கு "நான்" எங்கிருந்து உருவாகும்?

நல்ல பெற்றோரும் இதைச் செய்திருப்பார்கள், மற்ற பிள்ளைகளுக்கு அது ஒன்றும் செய்திருக்காது. நானும் செய்திருக்கிறேன். ஆனால் அடி, பாலியல் தொல்லை, புறக்கணிப்பு நடந்த குழந்தைப் பருவம் இந்த நோயாளிகள் பலரிடம் இருக்கிறது. உங்கள் பிள்ளை அப்படி ஒன்றைச் சொன்னால், சொந்தக்காரர் பெயர் வந்தாலும், முதலில் நம்புங்கள்.

யாரோ வெச்சுட்டாங்கன்னு சொல்றாங்க. கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகலாமா?

போங்கள், நாங்களும் போகிறோம். கட்டிப்போடுவது, அடிப்பது, புகை போடுவது, மாத்திரையை நிறுத்தச் சொல்வது நடக்கும் இடத்துக்கு மட்டும் வேண்டாம்.

மாத்திரை இல்லாம சரியாகுமா? இல்ல மாத்திரையிலயே சரியாகுமா?

பி.பி.டி.க்கென்று அனுமதி பெற்ற மருந்து எதுவும் இல்லை. சிகிச்சை முறைகளுக்கு வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2009-இலேயே இந்தக் கோளாறுக்காக மட்டும் மருந்து கொடுக்க வேண்டாம் என்று வழிகாட்டியது. கூடவே இருக்கும் மனச்சோர்வு, பதற்றம், தூக்கமின்மைக்குக் கொடுப்பார்கள், அது தேவையாகவும் இருக்கும். எழுதிக் கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். "இது எதுக்கு, எத்தனை நாளைக்கு?" என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

முக்கிய சிகிச்சை பேச்சும் பயிற்சியும்தான். அதிகம் ஆராயப்பட்டது மார்ஷா லினஹான் என்ற அமெரிக்க உளவியலாளர் உருவாக்கிய டி.பி.டி. (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி). வாராவாரம் தனி அமர்வு, குழுவாகத் திறன் வகுப்பு, நெருக்கடியில் போன் உதவி என்று ஏறக்குறைய ஒரு வருடம் போகும். உணர்ச்சிக்குப் பெயர் வைப்பது, அலை உச்சத்தில் இருக்கும்போது எதையும் உடைக்காமல் கடப்பது, உறவு முறியாமல் "முடியாது" என்று சொல்வது எல்லாம் அதில் பாடம். லினஹான் 2011-இல் தன் கதையை வெளியே சொன்னார். 1961-இல், 17 வயதில், அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு இரண்டு வருடத்துக்கு மேல் உள்ளே இருந்தவர் அவர். அந்தப் பெண் உருவாக்கிய சிகிச்சைதான் என் தங்கையை மீட்டது என்று நினைக்கும்போது எனக்கு இன்னும் சிலிர்க்கும்.

பேட்மன், ஃபோனகி என்ற இருவர் உருவாக்கிய எம்.பி.டி. (மென்டலைசேஷன் பேஸ்டு ட்ரீட்மென்ட்) இன்னொன்று. தன் மனசிலும் அடுத்தவர் மனசிலும் என்ன ஓடுகிறது என்று நிதானித்துப் பார்க்கப் பழக்குவது அது. "நான்" குலைந்திருப்பவர்களுக்கு இது நேராகவே பொருந்தும்.

எங்க ஊர்ல டி.பி.டி. தெரிஞ்ச ஆளே இல்ல. அப்ப எங்களுக்கு வழி இல்லையா?

இருக்கிறது. கனடாவில் 180 நோயாளிகளை வைத்து ஒரு ஆய்வு செய்து 2009-இல் வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு டி.பி.டி., பாதிப் பேருக்கு இந்த நோயைப் புரிந்த மருத்துவர்கள் முறையாகத் தொடர்ந்து பார்த்த பொது மனநலச் சிகிச்சை. ஒரு வருட முடிவில் இரண்டு பக்கமும் ஒரே அளவு முன்னேற்றம். பெரிய பெயருள்ள சிகிச்சை பக்கத்தில் இல்லாவிட்டாலும், பொறுமையாக, ஒரே ஆளாக, விட்டுவிடாமல் பார்க்கிற ஒருவர் கிடைத்தால் போதும்.

தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது, அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள். 14416 என்பது டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவியின் இலவச எண், தமிழிலும் பேசலாம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, உடல்நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும். பாலிசி எடுத்திருந்தால் கேட்டு வாங்குங்கள்.

கோபம் வந்தா "செத்துப்போறேன்"ங்குறா. மிரட்டல்தானே?

மிரட்டல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த நோயாளிகளில் தற்கொலையால் இறப்பவர்கள் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம், பலமுறை சொன்னவர்களும் அதில் உண்டு. "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் எண்ணம் புதிதாக முளைக்காது, சொல்ல ஒரு ஆள் கிடைத்த நிம்மதிதான் வரும். ஆபத்தான பொருட்களை எட்டாத இடத்தில் வையுங்கள், தனியாக விடாதீர்கள். உடனடி ஆபத்து என்றால் 108. பேச வேண்டும் என்றால் மேலே சொன்ன 14416, அல்லது அரசின் சுகாதார உதவி எண் 104.

"போலீஸ் கேஸ் ஆயிடுமே" என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாத குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். மேலே சொன்ன அதே சட்டத்தின் 115-ஆம் பிரிவு, முயற்சி செய்தவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. தயங்காமல் கூட்டிப் போங்கள்.

கால்கட்டு போட்டா சரியாயிடும்னு பெரியவங்க சொல்றாங்களே?

தயவுசெய்து வேண்டாம், சிகிச்சைக்குப் பதிலாக வேண்டவே வேண்டாம். மூன்றாம், நான்காம் பதில்களைச் சேர்த்துப் பாருங்கள். புது உறவில் கரைந்துபோகிறவள் முதல் மூன்று மாதம் அற்புதமான மருமகளாக இருப்பாள். "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்று பெரியவர்களும் சொல்வார்கள். பிறகு கணவர் ஆபீஸ் வேலையாக இரண்டு நாள் வெளியூர் போவார். அங்கே தொடங்கும். மறைத்துக் கட்டிவைத்திருந்தால் அந்த நேரத்தில் இரண்டு வீட்டிலும் அவளுக்கு ஆள் இருக்காது. எங்கள் குழுவில் இப்படி வந்தவர்கள் மூன்று பேர்.

பி.பி.டி. உள்ளவர்கள் கல்யாணமே செய்யக் கூடாது என்று சொல்லவில்லை. நன்றாகக் குடும்பம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். சிகிச்சையில் நின்று, தானே ஆசைப்பட்டு, வருகிறவரிடம் உள்ளதைச் சொல்லிவிட்டுச் செய்துகொண்டவர்கள் அவர்கள்.

எம் புள்ள தன்னை ஆண்னு சொல்லுது. பொண்ணாப் பொறந்த புள்ள. இதுவும் பி.பி.டி. அடையாளக் குழப்பமா?

தன் பாலினத்தைப் பற்றிச் சொல்வது நோயின் அறிகுறி இல்லை. பி.பி.டி. உள்ளவர்களிலும் திருநம்பிகள், திருநங்கைகள், தன்பாலின ஈர்ப்புள்ளவர்கள் இருப்பார்கள். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம், ஒன்று இன்னொன்றின் விளைவு ஆகிவிடாது. பி.பி.டி.யில் குலைவது "நான்" முழுவதும்: வேலை, நட்பு, மதிப்பீடு, விருப்பம் எல்லாம். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வருடக்கணக்காக ஒரே பேச்சு என்றால், அந்தப் பிள்ளைக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று அதுவாகவே இருக்கலாம்.

மாற்றிக் காட்டுகிறேன் என்று சொல்லும் மருத்துவரிடம் போகாதீர்கள். அப்படி மாற்ற முயலும் சிகிச்சைகளுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் தடை விதித்திருக்கிறது.

உண்மையைச் சொல்லுங்கக்கா, இது குணமாகுமா?

ஆகும். அமெரிக்காவின் மெக்லீன் மருத்துவமனையில் மேரி ஸனரினி குழுவினர் 290 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். பத்து வருடத்துக்குள் 93 சதவீதம் பேருக்கு, குறைந்தது இரண்டு வருடம் நீடிக்கும் அளவுக்கு அறிகுறிகள் அடங்கின. அதோடு வேலை, நல்ல உறவு என்று வாழ்க்கையும் நிமிர்ந்தவர்கள் பாதிப் பேர். சிலருக்குத் திரும்பத் தலைகாட்டியதும் உண்டு. காயப்படுத்திக்கொள்வது மாதிரியானவை சீக்கிரம் குறைகின்றன. காலியான உணர்வும் கைவிடப்படும் பயமும் மெதுவாகத்தான் போகும்.

பி.பி.டி.ன்னு தெரிஞ்சதும் நிம்மதியா இருந்துச்சு. இப்ப அதுவே நான் ஆயிட்டேன். குணமானா நான் யாரா இருப்பேன்?

கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டது. இரண்டாம் பதிலில் சொன்ன கரைந்துபோதல் நோயின் பெயரோடும் நடக்கும். ரொம்ப நாள் பெயரே இல்லாமல் தவித்தவருக்கு ஒரு பெயர் கிடைத்தால் அதையே கட்டிக்கொள்ளத் தோன்றும். அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன்.

என் தங்கையும் இதே கேள்வியைத் தன் சிகிச்சையாளரிடம் கேட்டாள். அவர் பதில் சொல்லவில்லை, நாற்பது பக்க நோட்டு ஒன்று கொடுத்தார். தினம் ஒரு வரி, இன்றைக்குப் பிடித்தது அல்லது பிடிக்காதது. முதல் வாரம் மூன்றே வரி, அதில் இரண்டு "தெரியல". எட்டாவது மாதத்தில் "ரசத்துல பூண்டு தூக்கலா இருந்தா பிடிக்குது. இதை முன்னாடியும் எழுதியிருக்கேன்" என்று இருந்தது. பின்னால் புரட்டிப் பார்த்திருக்கிறாள், போன மாசத்து ஆளும் தானேதான் என்று கண்டிருக்கிறாள். இப்போது பன்னிரண்டாவது நோட்டு ஓடுகிறது. கையெழுத்து அஞ்சாறு வருடமாக ஒன்றுதான், வங்கியில் புது மாதிரிக் கையெழுத்தும் கொடுத்துவிட்டாள்.

இதை அவகிட்ட படிக்கக் கொடுக்கலாமா?

சண்டை நடுவில் வேண்டாம், "பாரு, நீ இப்படித்தான்" என்று நீட்டுவதற்கும் வேண்டாம். மருத்துவர் சொல்லாத பெயரை நீங்களாக ஒட்டாதீர்கள். அமைதியான ஒரு நாளில், "இதுல ஒரு பொண்ணு கையெழுத்தைப் பத்தி வருது, எனக்கு உன் ஞாபகம் வந்துச்சு, வேணும்னா படி" என்று சொல்லி மேஜையில் வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். படிக்காவிட்டால் கேட்காதீர்கள். படித்துவிட்டு வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு உட்காருங்கள்.